கொலஸ்ட்ரால் வெளியேறும் வழியில் ஒரு கல்

எனக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தது. வலி இல்லை, வாந்தி இல்லை, அது அங்கே இருப்பதற்கான சுவடே இல்லை. ஆனால் யாரிடமாவது சொன்னால் போதும், உடனே வரும் கேள்வி ஒன்றுதான்: "கொலஸ்ட்ரால் அதிகமோ?" இல்லை. என் ரத்தத்தில் அது எப்போதும் அளவோடுதான் இருந்துவருகிறது. இதைச் சொன்னதும் கேட்டவர் முகம் மாறும். பரிசோதனைக்கூடத்தை நம்பாதீர்கள் என்பார் ஒருவர். எண்ணெயை அறவே விட்டுவிடுங்கள் என்பார் இன்னொருவர்.

பித்தப்பைக் கற்களில் பெரும்பாலானவை கொலஸ்ட்ராலால் ஆனவை என்பது உண்மை. ஆனால் ரத்தத்தில் உள்ள மொத்தக் கொலஸ்ட்ராலுக்கும் கல் உருவாவதற்கும் உறுதியான தொடர்பு இல்லை என்பதும் உண்மை. ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு கூடியவர்களுக்கும், நல்ல கொலஸ்ட்ரால் என்று பெயரெடுத்த எச்டிஎல் குறைந்தவர்களுக்கும் கல் அதிகம் வருகிறது. மொத்தக் கொலஸ்ட்ரால் எண்ணோ பெரிதாக எதையும் சொல்வதில்லை. வேதியியல் படித்த எனக்கு இந்த முரண்பாடு பிடித்துப்போயிற்று. கல் என்பது அடிப்படையில் கரைதிறன் பற்றிய விவகாரம். ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதோடு அது முடிவதில்லை; அதைக் கரைத்து வைத்திருக்க வேண்டியவை எவ்வளவு இருக்கின்றன, கரைசல் எவ்வளவு நேரம் அசையாமல் கிடக்கிறது என்றெல்லாம் கேட்க வேண்டும்.

முதலில், கல்லீரல் சுரந்து பித்தப்பையில் சேரும் பித்தநீருக்குக் கொலஸ்ட்ரால் ஏன் வருகிறது? வேறு வழி இல்லாததால். சர்க்கரையை நம் உடல் எரித்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆக்கிவிடும். கொழுப்பு அமிலங்களையும் அப்படியே. கொலஸ்ட்ராலில் நான்கு வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன; அந்த வளையத் தொகுதியை உடைக்கக்கூடிய நொதி மனித உடலில் ஒன்றுகூட இல்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் கொலஸ்ட்ராலை உடலே தயாரிக்கிறது, உணவிலிருந்தும் கொஞ்சம் சேர்கிறது. செல் சவ்வுகளுக்கு அது வேண்டும், ஹார்மோன்களுக்கு வேண்டும், வைட்டமின் டி உருவாகவும் வேண்டும். மிச்சத்தை வெளியேற்றியாக வேண்டுமே! சிறுநீரில் அது கரையாது. உதிரும் தோலோடும் குடல் சுவர் வழியாகவும் கொஞ்சம் போகிறது. மற்றதெல்லாம் கல்லீரலுக்கு வந்து, பித்தநீரில் இறங்கி, குடலைக் கடந்து, மலத்தோடுதான் போக வேண்டும்.

அப்படிப் பித்தநீரில் இறங்குவதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. கொலஸ்ட்ரால் கொலஸ்ட்ராலாகவே இறங்கலாம். அல்லது கல்லீரல் அதை மாற்றிப் பித்த அமிலமாக்கி இறக்கலாம். நாள்தோறும் சுமார் அரை கிராம் கொலஸ்ட்ரால் இந்த இரண்டாம் வழியில் போகிறது. இதில் ஒரு நேர்த்தி இருக்கிறது: முதல் வடிவம் நீரில் கரையவே கரையாது, இரண்டாம் வடிவம் தானும் கரைந்து, முதல் வடிவத்தையும் கரைத்து வைத்திருக்கும். ஒரே பொருளின் ஒரு பகுதி மறுபகுதிக்குக் கரைப்பானாக வேலை செய்கிறது. எல்லாக் கொலஸ்ட்ராலையும் பித்த அமிலமாக மாற்றிவிட்டால் கொலஸ்ட்ரால் கல்லே வராது. உடல் ஏனோ அப்படிச் செய்வதில்லை.

கொலஸ்ட்ராலை மனிதர்கள் முதன்முதலில் கண்டதே பித்தப்பைக் கல்லில்தான். 1769 வாக்கில் பிரான்சைச் சேர்ந்த பூலெத்தியே த லா சால் கல்லிலிருந்து பளபளப்பான ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். 1815இல் செவ்ரல் என்ற வேதியியலாளர் அதை மறுபடி ஆராய்ந்தார். செவ்ரலின் முழு ஆர்வமும் சோப்பில் இருந்தது. கொழுப்புகளைக் காரத்தோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் எப்படிச் சோப்பாகின்றன என்பதை விளக்கியவர் அவரே. கல்லிலிருந்து கிடைத்த கொழுப்பையும் அப்படிக் கொதிக்கவைத்துப் பார்த்தார். அது சோப்பாக மறுத்தது. ஆகவே இது வேறு வகைப் பொருள் என்று தீர்மானித்துத் தனிப்பெயர் வைத்தார். (இந்த மனிதர் 102 வயதுவரை வாழ்ந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) செவ்ரலின் பாத்திரத்தில் சோப்பாக மறுத்த பொருளை நம் கல்லீரல் சத்தமில்லாமல் சோப்பாக்கிக்கொண்டிருக்கிறது. பித்த அமிலம் செய்வது அச்சு அசலாகச் சோப்பின் வேலை. ஒரு பக்கம் நீரை விரும்பும், மறுபக்கம் கொழுப்பை விரும்பும். கொழுப்பைச் சூழ்ந்து நுண்துளிகளாக்கி நீரில் மிதக்கவிடும்.

ஆனால் கொலஸ்ட்ராலிலிருந்துதான் பித்த அமிலம் வருகிறது என்று நிரூபிக்க 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோன்ராட் பிளாக்கும் அவருடைய கூட்டாளிகளும் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜனால் அடையாளமிட்ட கொலஸ்ட்ராலை ஒரு நாயின் உடலுக்குள் செலுத்தி, அந்த டியூட்டீரியம் கோலிக் அமிலம் என்ற பித்த அமிலத்தில் வந்து சேர்வதைக் காட்டினார்கள். பிளாக்குக்குப் பின்னர் 1964இல் நோபல் பரிசு கிடைத்தது, கொலஸ்ட்ராலை உடல் எப்படிக் கட்டுகிறது என்று கண்டதற்காக.

இந்தத் துறையின் நோபல் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதற்கும் முந்தியது. பித்த அமிலங்களின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக ஹைன்ரிஷ் வீலாண்டுக்கு 1927ஆம் ஆண்டின் வேதியியல் பரிசும், கொலஸ்ட்ராலின் இனமான ஸ்டீரால்களை ஆராய்ந்ததற்காக அடால்ஃப் விண்டாவுஸுக்கு 1928ஆம் ஆண்டின் பரிசும் அளிக்கப்பட்டன. முந்தைய ஆண்டுப் பரிசு நிறுத்திவைக்கப்பட்டிருந்ததால் இருவரும் 1928இல் பெற்றார்கள். கொலஸ்ட்ராலும் பித்த அமிலமும் ஒரே கார்பன் எலும்புக்கூடு கொண்டவை என்று விண்டாவுஸ் 1919இலேயே காட்டியிருந்தார். இருவரும் சேர்ந்து வரைந்த அந்த எலும்புக்கூடு தவறானது! 1932இல் இயற்பியலாளர் ஜே.டி. பெர்னல் எக்ஸ்-கதிர் கொண்டு ஸ்டீரால் படிகங்களை அளந்தபோது, மூலக்கூறு தட்டையாகவும் நீளமாகவும் இருப்பது தெரிந்தது. பரிசு பெற்ற வரைபடமோ அந்த அளவுக்குள் அடங்கவில்லை. அதே ஆண்டு ரோசன்ஹைமும் கிங்கும் லண்டனிலிருந்து சரியான அமைப்பை முன்வைத்தார்கள்; வீலாண்டும் தன் ஆய்வகத்திலிருந்தே திருத்தம் வெளியிட்டார். பரிசு வாங்கிய விடை தவறு என்று தெரிந்ததும் அதைத் தானே திருத்திக்கொள்வது எல்லோருக்கும் கைகூடுவதில்லை. சோதனைக்குழாயும் தராசும் மட்டும் வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத வளையங்களை அவ்வளவு தூரம் ஊகித்ததே பெரிது என்பது என் எண்ணம்.

சரி, கல்லீரலுக்குத் திரும்புவோம். கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக்க ஒரு டஜனுக்கும் மேற்பட்ட நொதிகள் வேலை செய்கின்றன. முக்கியப் பாதையில் முதல் அடியை எடுத்துவைப்பது சிஒய்பி7ஏ1 என்ற நொதி. வேகத்தைத் தீர்மானிப்பதும் அதுவே. கோலிக் அமிலம், கீனோடியாக்சிகோலிக் அமிலம் என்று இரண்டு அமிலங்கள் கிடைக்கின்றன. கல்லீரல் அவற்றோடு கிளைசினையோ டாரினையோ இணைத்து, இன்னும் நன்றாகக் கரையும்படி செய்து அனுப்புகிறது. பெருங்குடலுக்குத் தப்பிச்செல்பவற்றை அங்குள்ள பாக்டீரியாக்கள் திருத்தி, டியாக்சிகோலிக், லித்தோகோலிக் என்று வேறு இரண்டு அமிலங்களாக்குகின்றன.

இவற்றில் தப்பிச்செல்பவை கொஞ்சம்தான். உடலில் உள்ள மொத்தப் பித்த அமிலமே இரண்டிலிருந்து நான்கு கிராம். ஒரு நாளின் கொழுப்பைச் செரிக்க அது போதவே போதாது. அதனால் உடல் அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. கொழுப்பு செரித்து முடிந்ததும், சிறுகுடலின் கடைசிப் பகுதி 95 சதவீதத்தை உறிஞ்சி, போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலுக்கே அனுப்பிவிடுகிறது. ஒரு மூலக்கூறு நாளொன்றுக்கு ஆறு முதல் பத்து முறை இப்படிச் சுற்றுகிறது. திரும்பி வரும் பித்த அமிலத்தைக் கல்லீரல் செல்லுக்குள் இழுக்கும் புரதத்தின் பெயர் என்டிசிபி. ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரலுக்குள் நுழைவதும் இதே புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் என்று 2012இல் பெய்ஜிங் ஆய்வகம் ஒன்று கண்டறிந்தது. அந்த வைரஸ் ஏன் மற்ற உறுப்புகளை விட்டுவிட்டுக் கல்லீரலையே தேடிப்போகிறது என்ற நெடுநாள் கேள்விக்கு விடை, பித்த அமிலம் திரும்பும் வழியில் கிடைத்திருக்கிறது.

சுற்றில் எவ்வளவு இருக்கிறது என்று உடலுக்கு எப்படித் தெரியும்? 1999இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடை சொன்னார்கள்: செல்லின் உட்கருவில் இருக்கும் எஃப்எக்ஸ்ஆர் என்ற ஏற்பி பித்த அமிலத்தை உணர்கிறது. கல்லீரலில் பித்த அமிலம் மிகுந்தால் எஃப்எக்ஸ்ஆர் விழித்துக்கொண்டு சிஒய்பி7ஏ1 நொதியின் உற்பத்தியைத் தணிக்கிறது. குடலில் மிகுந்தால் அங்குள்ள எஃப்எக்ஸ்ஆர், எஃப்ஜிஎஃப்19 என்ற ஹார்மோனை ரத்தத்தில் விட்டு, கல்லீரலுக்கு அதே செய்தியை அனுப்புகிறது. அதுவரை வெறும் செரிமானத் திரவமாகக் கருதப்பட்ட பித்த அமிலம் அன்றிலிருந்து ஹார்மோன்களின் வரிசையில் வைத்துப் பேசப்படலாயிற்று. இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துகளைப் பற்றிப் பேசும்போது இது திரும்பி வரும்.

இப்போது கரைசல். கல்லீரல் செல்லின் பித்தநீர்ப் பக்கச் சவ்வில் மூன்று பம்புகள் முக்கியமானவை. ஏபிசிபி11 பித்த உப்புகளை, அதாவது உப்பு வடிவில் உள்ள பித்த அமிலங்களை, வெளியே தள்ளுகிறது. ஏபிசிபி4 லெசித்தின் என்ற பாஸ்போலிப்பிட் வகைக் கொழுப்பை அனுப்புகிறது. ஏபிசிஜி5, ஏபிசிஜி8 இரண்டும் ஜோடியாக நின்று கொலஸ்ட்ராலை அனுப்புகின்றன. நல்ல பித்தநீரில் இந்த மூன்று பொருள்களின் மூலக்கூறுகளை எண்ணினால், பத்தில் ஏழு பித்த உப்பு, இரண்டுக்குச் சற்று மேல் லெசித்தின், மீதிதான் கொலஸ்ட்ரால். பித்த உப்பு தனியாக நின்றால் கொஞ்சம் கொலஸ்ட்ராலைத்தான் தாங்கும். லெசித்தினும் சேர்ந்தால் தாங்கும் அளவு வெகுவாகக் கூடும். 1968இல் அட்மிரண்டும் ஸ்மாலும் இந்த மூன்றையும் ஒரு முக்கோண வரைபடத்தில் குறித்தார்கள். முக்கோணத்தின் ஒரு மூலையில் சிறிய பகுதி. அதற்குள் இருக்கும்வரை கொலஸ்ட்ரால் கரைந்திருக்கும், வெளியே போனால் படிகமாகப் பிரியும். மருத்துவத்தில் ஒரு நோயை இவ்வளவு சுத்தமான இயற்பியல் வேதியியலாக வரைந்துகாட்டும் படங்கள் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்று பம்புகளில் எது கோளாறானாலும் சமநிலை குலைகிறது. ஏபிசிபி4 மரபணுவில் பிழை இருந்தால் லெசித்தின் குறைகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு நாற்பது வயதுக்குள்ளேயே கல் வரும், பித்தப்பையை அகற்றிய பிறகும் கல்லீரலுக்குள்ளிருக்கும் நாளங்களில் மறுபடி உருவாகும். ஏபிசிபி11 முற்றிலும் செயலிழந்த குழந்தைகளுக்குப் பித்த உப்புகள் கல்லீரலிலேயே தேங்கி, தாங்க முடியாத அரிப்பும் கல்லீரல் சிதைவும் வருகின்றன. ஏபிசிஜி8 மரபணுவில் டி19எச் என்றொரு மாற்றம் கல்லுக்கான வாய்ப்பை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டுகிறது என்று 2007இல் ஜெர்மனி, சிலி நாட்டவர்களின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். அந்த மாற்றம் உள்ளவர்களின் பம்ப் கொலஸ்ட்ராலைச் சற்று அதிகச் சுறுசுறுப்பாக வெளியேற்றுகிறது என்பதுதான் விளக்கம். ரத்தத்துக்கு அது நல்லது. பித்தப்பைக்கு அல்ல.

முக்கோணத்தோடு விஷயம் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கல்லே இல்லாத பலருடைய பித்தநீரும் முக்கோணத்தின் பாதுகாப்பான பகுதிக்கு வெளியேதான் இருக்கிறது. 1979இல் ஹோலனும் கூட்டாளிகளும் கல் உள்ளவர்கள், இல்லாதவர்கள் இரு தரப்பின் பித்தநீரையும் வடிகட்டிவைத்துக் காத்திருந்தார்கள். கல் உள்ளவர்களின் பித்தநீரில் சில நாள்களில் படிகங்கள் தோன்றின. இல்லாதவர்களின் பித்தநீர் அதே அளவு கொலஸ்ட்ராலோடு வெகுநாள் தெளிவாகவே இருந்தது. எனவே அளவுக்கு மேல் கொலஸ்ட்ரால் இருப்பது ஒரு நிபந்தனைதான். படிகம் பிறக்க ஏதாவது தூண்ட வேண்டும், பிறந்த படிகம் வளர அவகாசமும் வேண்டும். பித்தப்பைச் சுவர் சுரக்கும் மியூசின் என்ற பிசின் படிகங்களைப் பிடித்துவைக்கிறது. 2019இல் ஜெர்மனியின் எர்லாங்கன் ஆய்வாளர்கள் இன்னொரு விசித்திரத்தைக் கண்டார்கள்: நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் படிகங்களை எதிரியாக எண்ணித் தம் டிஎன்ஏவையே வலையாக வீசுகின்றன, அந்த வலையில் படிகங்கள் ஒட்டித் திரண்டு கல்லாகின்றன. காப்பாற்ற வந்தவர்கள் கட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

அவகாசம் கொடுப்பது பித்தப்பை. கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் மேல் பித்தநீர் சுரக்கிறது. பித்தப்பை கொள்வதோ 30 முதல் 50 மில்லிலிட்டர். ஆகவே நீரை உறிஞ்சிப் பலமடங்கு கெட்டியாக்கிச் சேமிக்கிறது. கொழுப்பு முன்சிறுகுடலை அடைந்ததும் கொலசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து, பித்தப்பை சுருங்கித் தன்னைக் காலிசெய்கிறது. (‘ராட்’ எனப்படும் பெரிய எலிக்கும் குதிரைக்கும் பித்தப்பையே கிடையாது. அவை பிழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.) கொழுப்பு வராவிட்டால் பித்தப்பை சுருங்காது, உள்ளே இருப்பது அப்படியே தேங்கும். வாய்வழி உணவே இல்லாமல் ரத்தக்குழாய் வழியாக மட்டும் ஊட்டம் பெற்ற நோயாளிகளை ஸ்கேன் செய்து பார்த்த ஓர் ஆய்வில், ஆறு வாரங்களுக்கு மேல் அப்படி இருந்த அனைவரின் பித்தப்பையிலும் சேறுபோன்ற படிவு இருந்தது. எண்ணெயை அறவே விடச் சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் பதிலாகச் சொல்வேன். ஏற்கெனவே வலி வருகிறவர்கள் கொழுப்பைக் குறைப்பதில் அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் சுருங்கும்போதுதான் கல் போய்ப் பித்தப்பையின் கழுத்தை அடைக்கும். வலி இல்லாதவர் கொழுப்பே இல்லாமல் சாப்பிட்டால் தேக்கத்துக்குத்தான் உதவுகிறார்.

என் அக்காவுக்குக் கல் வந்தது உடல் இளைத்ததால். கூடுதல் எடையே கல்லுக்கான காரணங்களில் ஒன்று. அதைக் குறைக்கப் போய்க் கல் வந்தது என்றால் யார் நம்புவார்கள்? அவர் மிகக் குறைந்த கலோரி உணவுமுறை ஒன்றைப் பிடிவாதமாகக் கடைப்பிடித்தார். எடை வேகமாக இறங்கும்போது, கொழுப்புத் திசுக்களில் சேர்ந்திருந்த கொலஸ்ட்ரால் வெளிவந்து கல்லீரலை அடைகிறது. கல்லீரல் அதைப் பித்தநீரில் தள்ளுகிறது. உணவில் கொழுப்பு இல்லாததால் பித்தப்பையும் அசையாமல் கிடக்கிறது. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இளைப்பவர்களுக்கு ஆபத்து கூடுகிறது என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. எடையைக் குறைக்க இரைப்பைக் குறுக்குவழி அறுவை செய்துகொண்டவர்களிடம் 1995இல் ஒரு சோதனை நடந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதத்தினருக்கு ஆறு மாதங்களுக்குள் கல் வந்தது. நாள்தோறும் 600 மில்லிகிராம் உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற பித்த அமில மாத்திரை எடுத்தவர்களில் இரண்டு சதவீதத்தினருக்கு மட்டுமே வந்தது. அக்காவுக்கு உணவுமுறையை எழுதிக்கொடுத்தவர் இந்த மாத்திரையைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு.

பெண்களுக்குக் கல் அதிகம் வருவதற்கும் கரைசல் கணக்கே காரணம். ஈஸ்ட்ரோஜன் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது. புரோஜெஸ்டிரோன் பித்தப்பையின் சுருக்கத்தைத் தளர்த்துகிறது. கர்ப்பகாலத்தில் இரண்டும் உச்சத்தில் இருக்கின்றன. அப்போது சேரும் படிவு பலருக்குப் பிரசவத்துக்குப் பின் தானாகவே கரைந்துவிடும். இன்சுலினுக்குக் கல்லீரல் சரியாகப் பதிலளிக்காத நிலையில், கொலஸ்ட்ரால் பம்புகளின் எண்ணிக்கை கூடுகிறது என்று 2008இல் சுண்டெலிகளில் காட்டினார்கள். நீரிழிவு, கல்லீரல் கொழுப்புப் படிவு, உயர்ந்த டிரைகிளிசரைடு, குறைந்த எச்டிஎல், பித்தப்பைக் கல் எல்லாம் ஏன் ஒரே ஆளிடம் சேர்ந்து வருகின்றன என்பதற்கு இது பெரும் விளக்கம். மரபின் பங்கைப் பார்க்க வேண்டுமானால் அரிசோனாவின் பிமா பழங்குடியினரைச் சொல்ல வேண்டும். 25 வயது தாண்டிய பெண்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பித்தப்பை நோய் இருப்பதாக 1970இல் பதிவானது.

ரத்தத்துக்கும் பித்தநீருக்கும் உள்ள உறவைப் பளிச்சென்று காட்டியவை மருந்துகள். ரத்தக் கொழுப்பைக் குறைக்கக் குளோஃபைப்ரேட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று, அதை எடுத்தவர்களுக்குப் பித்தப்பை நோய் கூடியதாக 1977இல் அறிவித்தது. ரத்தத்திலிருந்து இறங்கிய கொலஸ்ட்ரால் மாயமாகிவிடவில்லை. பித்தநீருக்கு வந்து சேர்ந்திருந்தது. போதாக்குறைக்கு, கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக்கும் நொதியையும் அந்த மருந்து மந்தப்படுத்துகிறது. ஸ்டேடின்கள் வேறு விதம். அவை கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தயாரிப்பதையே குறைக்கின்றன. அவற்றை நெடுநாள் எடுப்பவர்களுக்குக் கல் குறைவாக வருவதாகப் பல அவதானிப்பு ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டு மருந்துக்கும் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் எண் இறங்கத்தான் செய்யும்.

எல்லாக் கல்லும் கொலஸ்ட்ரால் கல் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிவப்பணுக்கள் மிகையாக உடையும் நோய்களிலும் கல்லீரல் சுருக்க நோயிலும் பிலிருபின் என்ற நிறமியால் ஆன கருப்புக் கற்கள் வருகின்றன. பித்தநாளத்தில் கிருமித்தொற்று நீடித்தால் பழுப்புக் கற்கள் உருவாகின்றன. அவற்றின் வேதியியல் வேறு. அவை இந்தக் கட்டுரைக்குள் அடங்கா.

கல் கரைசல் விவகாரம் என்றால் மறுபடி கரைக்கவும் முடிய வேண்டுமே? இந்தக் கேள்வியை அப்படியே செயலாக்கியவர்கள் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள். கீனோடியாக்சிகோலிக் அமிலத்தை மாத்திரையாகக் கொடுத்தால் கற்கள் கரைகின்றன என்று 1972இல் அறிவித்தார்கள். பெரும் நம்பிக்கை எழுந்தது. 1981இல் வெளிவந்த பெரிய சோதனையில், நாள்தோறும் 750 மில்லிகிராம் வீதம் இரண்டு ஆண்டுகள் எடுத்தவர்களில் 13.5 சதவீதத்தினருக்கு மட்டுமே கல் முழுமையாகக் கரைந்தது. வயிற்றுப்போக்கு வந்தது, கல்லீரல் நொதிகள் ஏறின, ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லும் கூடியது. இந்தக் கடைசி விளைவுக்குக் காரணம் பதினெட்டு ஆண்டுகள் கழித்துப் புரிந்தது. எஃப்எக்ஸ்ஆரை மிக நன்றாக எழுப்பும் பித்த அமிலம் கீனோடியாக்சிகோலிக் அமிலமே. அது எழுந்தால் சிஒய்பி7ஏ1 அடங்கும். கொலஸ்ட்ரால் பித்த அமிலமாவது குறையும். கல்லீரலுக்கு ரத்தத்திலிருந்து புதிதாக எல்டிஎல் எடுக்க வேண்டிய தேவையும் குறையும். சோப்பை வெளியிலிருந்து கொடுத்தால் கல்லீரல் தன் சோப்பு உற்பத்தியை நிறுத்திக்கொள்கிறது.

அதன் இடத்துக்கு வந்ததுதான் அக்காவுக்குக் கிடைக்காமல் போன உர்சோடியாக்சிகோலிக் அமிலம். இது கரடியின் பித்தநீரில் நிறைந்திருப்பது. 1927இல் ஜப்பானின் ஒகாயாமாவில் ஷோடா இதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். மனிதப் பித்தநீரிலும் கொஞ்சம் உண்டு. இன்று மாட்டின் பித்தநீரிலிருந்து எடுக்கும் கோலிக் அமிலத்தை மாற்றித் தொழிற்சாலையில் செய்கிறார்கள். கரடிக்கு இதில் வேலையில்லை. இது எஃப்எக்ஸ்ஆரை எழுப்புவதில்லை, வயிற்றையும் அதிகம் கெடுப்பதில்லை. ஆனால் கல் சிறியதாக, சுண்ணாம்பு ஏறாததாக, கொலஸ்ட்ராலாலானதாக இருக்க வேண்டும். பித்தப்பை சுருங்கி விரிய வேண்டும். மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற வேகத்தில் கரைவதற்குப் பொறுமை வேண்டும். இத்தனைக்குப் பிறகும் மருந்தை நிறுத்தினால் ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கல் திரும்பி வருகிறது. கரைசலை மாற்றிய மருந்து போனதும் கரைசல் பழையபடி ஆகிவிடுகிறது, அவ்வளவுதான். கல்லை மட்டும் எடுத்தால் போதாது, கல்லை உருவாக்கும் பையையே எடுக்க வேண்டும் என்று 1882 ஜூலை 15 அன்று பெர்லினில் முதல் பித்தப்பை அகற்றும் அறுவையைச் செய்த லாங்கன்புக் வாதிட்டதும் இதனால்தான்.

லேப்ராஸ்கோப்பி மூலம் அதே அறுவையை 1985 செப்டம்பரில் ஜெர்மனியின் பியோப்லிங்கனில் முதலில் செய்தவர் எரிக் மியூ. சக அறுவை மருத்துவர்கள் அவரை ஏளனம் செய்தார்கள். 1992இல் ஜெர்மன் அறுவை மருத்துவச் சங்கம் அவருக்கு விருது கொடுத்தது. இன்று அது உலகெங்கும் வழக்கமான சிகிச்சை. வழக்கமானதாகிவிட்டதாலேயே, கல் தெரிந்தவுடன் அகற்றிவிடலாமே என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்களில் வலியற்ற கல் இருந்த 123 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1982இல் வெளியானது. ஐந்து ஆண்டுகளில் 10 சதவீதத்தினருக்கும், பத்து ஆண்டுகளில் 15 சதவீதத்தினருக்கும், பதினைந்து ஆண்டுகளில் 18 சதவீதத்தினருக்கும் பித்தப்பை வலி வந்தது. நாள் செல்லச் செல்ல ஏற்றம் குறைகிறது. அந்த எண்களைப் பார்த்துத்தான் நானும் என் மருத்துவரும் என் கல்லை அதன் போக்கில் விட்டிருக்கிறோம். மேல்வயிற்றின் வலப்பக்கம் மணிக்கணக்கில் நீடிக்கும் வலி, குளிர்காய்ச்சல், கண்ணில் மஞ்சள், வெளிறிய மலம், முதுகுவரை பாயும் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் வர வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். கல் நாளத்துக்குள் இறங்கிவிட்டால் அது கணைய அழற்சிவரை போகக்கூடும். பெரிய கல்லை விடச் சிறிய கல்லே அங்கே எளிதாக இறங்கும்.

அக்காவுக்கு அந்த வலி வந்தது, பையை எடுத்துவிட்டார்கள். பித்தப்பை இல்லாவிட்டால் பித்தநீர் சேமிப்பில் நிற்காமல் சொட்டுச்சொட்டாகக் குடலுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். பித்த அமிலங்கள் இன்னும் அடிக்கடி சுற்றும். பெரும்பாலானவர்களுக்கு இதில் ஒரு தொந்தரவும் தெரிவதில்லை. சிலருக்கு உறிஞ்சப்படாத பித்த அமிலம் பெருங்குடலுக்குள் போய் நீரைச் சுரக்கவைத்து, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அக்கா அந்தச் சிலரில் ஒருவர். சாப்பிட்டு முடிக்கும் முன் எழுந்து ஓட வேண்டியிருந்தது. கடைசியில் அவருக்குக் கொலஸ்டைரமின் என்ற பொடியை எழுதிக்கொடுத்தார்கள். நீரில் கலந்து குடிக்க வேண்டிய அந்தப் பிசின் குடலில் பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும், ரத்தத்துக்குள் நுழையாது.

ரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்க ஸ்டேடின்களுக்கு முன்பே பயன்பட்ட மருந்து இது. 3,806 ஆண்களிடம் நடந்து 1984இல் வெளியான சோதனையில், இதே பொடி மாரடைப்பையும் அதனால் வரும் மரணத்தையும் 19 சதவீதம் குறைத்தது. குடலில் பித்த அமிலம் பிடிபட்டால் கல்லீரலுக்குத் திரும்புவது குறையும், எஃப்எக்ஸ்ஆர் உறங்கும், சிஒய்பி7ஏ1 வேகமெடுத்துக் கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக்கத் தொடங்கும், அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுக்கும். அக்காவின் வயிறு சில நாள்களில் கட்டுப்பட்டது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் அவருடைய எல்டிஎல் இறங்கியிருந்தது, டிரைகிளிசரைடு சற்று ஏறியிருந்தது. உணவில் என்ன மாற்றினீர்கள் என்று பரிசோதனைக்கூடத்தில் கேட்டார்களாம். ஒன்றும் மாற்றவில்லை என்றிருக்கிறார் அக்கா. டிரைகிளிசரைடு ஏறியதும் அந்தப் பொடியின் வேலையே. எஃப்எக்ஸ்ஆர் உறங்கினால் கல்லீரல் அதையும் கூடுதலாகச் செய்கிறது.